எஞ்சிய மருந்து எங்கே போகிறது?

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் முன்னோர் வாக்கு. விருந்தைப் பொறுத்தவரையில் அவ்வாக்கு இன்றும் ஓரளவு பொருந்தும். மருந்தைப் பொறுத்தவரையிலோ அது பழங்கதையாய்ப் போயிற்று. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்துண்போர் மூன்று நாளில் அதனை நிறுத்துவதில்லை. முப்பது ஆண்டு சென்றாலும் நிறுத்துவதில்லை. ஆதலால் இன்று வீடுதோறும் அலுமாரியில் ஒரு தட்டு மருந்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அத்தட்டில் இன்று உண்ணும் மருந்தும் இருக்கும். சென்ற ஆண்டு உண்டு பாதியில் நிறுத்திய மருந்தும் இருக்கும். உண்டவர் மறைந்த பின்னும் மறையாத மருந்தும் இருக்கும்.

உண்ணப்படாது எஞ்சிய இம்மருந்து ஈற்றில் எங்கே போகிறது? நம்மில் எத்தனை பேர் இதனை ஒரு கேள்வியாகக் கருதியிருக்கிறோம்? நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். ஆயினும் இக்கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியது பாடநூல் அன்று. வில்கமுவ என்னும் ஊரே அதனை எழுப்பிற்று.

வில்கமுவவும் அதன் கவலையும்

மாத்தளை மாவட்டம் என்றதும் நம்மவர்க்கு முத்துமாரியம்மன் கோயிலும் தேரும் நினைவுக்கு வரும். குளிர்ந்த மலையும் கொக்கோத் தோட்டமும் நினைவுக்கு வரும். வில்கமுவ அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே எனினும், அதன் முகம் வேறு. நக்கிள்ஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே, மலை இறங்கித் தாழ்ந்து சமவெளியாகும் இடத்தில், மகாவலி கங்கையின் இடக்கரையை ஒட்டி அப்பிரதேசம் கிடக்கிறது. அது உலர் வலயம். மாரி மழையும் கங்கை நீருமே அங்குள்ளோர்க்கு வாழ்வு. பண்டைய மன்னர் காலத்து மரபில் வந்த மினிப்பே இடதுகரைக் கால்வாயின் நீரால் வயல்கள் விளைகின்றன. வடக்கே வஸ்கமுவ வனம். 1984ஆம் ஆண்டில், மகாவலி அபிவிருத்தியால் இடம் பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாக, அது தேசிய பூங்கா ஆக்கப்பட்டது. யானைகள் அவ்வனத்தோடு நின்றுவிடுவதில்லை. நெல் விளையும் காலத்தில் வயலுக்கும், நெல் வீட்டுக்கு வந்த காலத்தில் வீட்டுக்கும் அவை வருகின்றன.

ஆனால், அங்குள்ள மக்களை யானையினும் மிகுதியாக அச்சுறுத்துவது வேறொன்று. அது சிறுநீரக நோய். 1990ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்தில் முதலிற் கவனிக்கப்பட்ட அந்நோய், நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத விவசாயிகளையும் பற்றுகிறது, ஓசையின்றி வளர்கிறது, முற்றிய பின்னரே தன்னைக் காட்டுகிறது. வில்கமுவவும் அந்நோய் காணப்படும் இடங்களுள் ஒன்று. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, அதிலுள்ள புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், கொளுத்தும் வெயிலில் நீரருந்தாது உழைத்தல் எனப் பலவற்றின்மீது ஆராய்ச்சியாளர் ஐயங்கொண்டுள்ளனர். இதுவே காரணம் என ஐயந்திரிபற இன்னும் நிறுவப்படவில்லை. எஞ்சிய மருந்தை எறிவதே அந்நோய்க்குக் காரணம் என்று நான் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது பெரும் பிழையாகும். கிணற்று நீரைக் கையில் ஏந்தும்பொழுதே ஐயுறும் ஊர் ஒன்று உண்டு என்பதையே கூற வந்தேன். தாம் குடிக்கும் நீரில் என்ன கலந்திருக்கிறது என்று அவ்வூரார் நாள்தோறும் கேட்கின்றனர். நாமோ கேட்பதில்லை.

என் தம்பி அரசாங்க மருந்தாளன். அப்பிரதேசத்து வைத்தியசாலை ஒன்றில் சில ஆண்டுகள் கடமை புரிந்தான். ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் நான் அவனோடு போய்த் தங்கினேன். மாதாந்தக் கிளினிக் நாள். விடியுமுன்னரே மக்கள் வந்து வரிசையில் நின்றனர். மருந்து வழங்கும் சாளரத்தின் உட்புறத்தில், ஒரு மூலையில், நானும் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் குறைந்தபின் ஒரு மூதாட்டி வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் கடதாசி உறைகள், குளிகை அட்டைகள், பாதி குறைந்த பாணி மருந்துப் போத்தல்கள். அவர் கணவர் சிறுநீரக நோயால் இறந்து மூன்று மாதம் கழிந்திருந்தது. அவர் சிங்களத்திற் கூறியதைத் தம்பி எனக்குத் தமிழிற் சொன்னான்.

"மாத்தையா, எறிய மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே வருத்தம்தான். அவருக்குக் கொடுத்தால் புண்ணியம் அல்லவா?"

"கொடுக்க வேண்டாம் அம்மே. உங்கள் மனம் நல்ல மனம். ஆனால் இந்தப் பெத்தி அவருக்குப் பொருந்தாது."

"அப்படியானால் வளவுக்குள் குழி தோண்டிப் புதைக்கட்டுமா?"

"கிணறு எவ்வளவு தூரம் அம்மே?"

மூதாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "குப்பையோடு சேர்த்துக் கொளுத்தி விடட்டுமா?" என்றார்.

"வேண்டாம். என்னிடமே தந்துவிட்டுப் போங்கள்."

அவர் அப்பையை இரு கையாலும் ஏந்திக் கொடுத்தார். கணவரின் கடைசிப் பொருளைக் கொடுப்பது போலவே இருந்தது. தம்பி அதனை வாங்கி, பெயர் எழுதிய உறைகளைத் தனியே பிரித்து, வைத்தியசாலையில் காலாவதியான மருந்துகள் வைக்கும் பெட்டிக்குள் இட்டான்.

அம்மூதாட்டி கேட்டவை மூன்று கேள்விகள். கொடுக்கலாமா? புதைக்கலாமா? கொளுத்தலாமா? நம் வீடுகளிலும் எஞ்சிய மருந்துக்கு இம்மூன்று வழியே உண்டு. நகரத்தார்க்கு மலகூடத்தில் இட்டு நீர் பாய்ச்சுதல் என நான்காவது வழியும் உண்டு. ஒவ்வொன்றையும் சற்று ஆராய்வோம்.

கொடுக்கலாமா?

உள்ளதைப் பகிர்ந்து உண்பது நம் பண்பு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இந்நாட்டில் மருந்துக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. ஒரு குளிகைக்காகக் கடை கடையாய் அலைந்தவர்க்கு, எஞ்சிய குளிகையைக் குப்பை என்று நினைக்க மனம் ஒவ்வாது. அது குற்றமன்று.

ஆயினும் சோற்றைப் பகிர்வது போன்றதன்று மருந்தைப் பகிர்தல். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மருந்தின் அளவை, அவர் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இரத்தத்தைச் சோதித்தே வைத்தியர் தீர்மானிக்கிறார். ஒருவருக்கு உயிர் காக்கும் அளவு, அதே நோயுள்ள அயலவருக்குத் தீங்காகலாம். மேலும், சாதாரண நோவுக்கு நாம் விழுங்கும் டைக்குளோபெனாக், ஐபுபுரோபென் போன்ற வலிநீக்கிகள் பழுதுற்ற சிறுநீரகத்தை மேலும் பழுதாக்குவன. முழங்கால் நோவுக்கு மாமா உண்டு எஞ்சிய குளிகையை, வயலில் இடுப்பு நோவோடு வந்த மருமகனுக்குக் கொடுக்கிறோம். மருமகனின் சிறுநீரகத்தில் நோய் ஓசையின்றித் தொடங்கியிருப்பின், அந்த அன்பே அவனுக்குப் பகையாகும்.

இன்னொன்றும் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் குளிகைகளை எண்ணிச் சிறு கடதாசி உறையில் இட்டுத் தருவது நெடுநாள் வழக்கம். உறையின்மேல் எத்தனை வேளை என்று எழுதியிருக்கும். காலாவதித் தேதி இராது. ஓட்டு வீட்டின் வெக்கையிலும் குசினியின் ஆவியிலும் அக்குளிகை எத்தனை மாதம் கிடந்தது என்பதை யார் அறிவார்? இதனாலேயே, ஒருமுறை வெளியே போன மருந்தை வைத்தியசாலையும் மீண்டும் பிறருக்கு வழங்குவதில்லை.

கொடுப்பதிலும் அறிவு வேண்டும் என்பதை உலகம் பெருஞ்செலவில் கற்றது. 1992ஆம் ஆண்டுக்கும் 1996ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கும் இடையே, போரால் நலிந்த பொஸ்னியாவுக்குப் பல நாட்டார் மருந்து அனுப்பினர். அவற்றுள் ஏறத்தாழ 17,000 தொன் பயன்படாதவை எனக் கணிக்கப்பட்டது. காலங்கடந்தவையும், எவருக்கும் வேண்டாதவையும், பெயர் அறிய முடியாதவையும் அவற்றில் இருந்தன. இத்தகைய அனுபவங்களை எண்ணியே 1999ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், அவசர காலங்களில் வேண்டாத மருந்துகளைத் தீங்கின்றி அகற்றும் முறைபற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் பின்னரும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின், இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. நம் நாட்டுக் கரைகளுக்கும் அவ்வாறு வேண்டாத மருந்துகள் வந்து சேர்ந்தன. ஈகையும் அளவறியாவிடின் குப்பையாகிறது.

புதைக்கலாமா? நீரில் விடலாமா?

மருந்து என்பது எளிதில் அழியாதிருக்கும்படி மனிதன் செய்த பொருள். இரைப்பையின் அமிலத்தையும் ஈரலின் வேலையையும் தாண்டிச் சென்று, வேண்டிய இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள். உடலுக்குள் நன்மையாகும் அவ்வுறுதி, உடலுக்கு வெளியே தீமையாகிறது. மண்ணுக்குள் புதைத்த குளிகை மழையிற் கரையும். கரைந்தது மண்ணூடு கசியும். கசிந்தது கிணற்றை நாடும். சில மருந்துகள் வழியிலேயே சிதைந்துவிடும். வேறு சில எளிதில் சிதைவதில்லை. வலிப்பு நோய்க்குத் தரும் காபமசெப்பீன் அத்தகையது. நகரத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் அதனை முழுவதும் நீக்க வல்லன அல்ல; மருந்தை நீக்குவதற்கென்று அவை அமைக்கப்படவுமில்லை.

இவ்விடத்தில் மாணவர்கள் ஓர் உண்மையையும் அறிந்திருத்தல் வேண்டும். நீர்நிலைகளிற் காணப்படும் மருந்திற் பெரும்பகுதி, எறிந்த மருந்தினால் வந்ததன்று. உண்ட மருந்தின் ஒரு பங்கு சிறுநீரோடு கழிந்து வந்தது. அமொக்சிசிலின் என்னும் நுண்ணுயிர்கொல்லியின் பாதிக்கு மேற்பட்ட பங்கு மாற்றமின்றியே சிறுநீரிற் கழிகிறது. அதனை நாம் தடுக்க இயலாது. நோயாளி மருந்துண்ணத்தான் வேண்டும். எறிவதைத் தடுப்பதோ முற்றிலும் நம் கையில் உள்ளது. ஒருவருக்கும் பயன் தராமல், உடலுக்குள் ஒரு முறையேனும் புகாமல், முழுக் குளிகையாகவே நீரிற் சேரும் மருந்துக்கு என்ன நியாயம் கூற முடியும்?

மிகச் சிறிய அளவு என்ன செய்துவிடும் என்று சிலர் கேட்கலாம். கனடா நாட்டில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உள்ளன. 2001ஆம் ஆண்டு தொடங்கி மூன்று கோடைகளில், அவற்றுள் ஒன்றில், கருத்தடை மாத்திரையிலுள்ள பெண்மை இயக்குநீரைக் கலந்து பார்த்தனர். கலந்த அளவு லீற்றருக்கு 5 அல்லது 6 நனோகிராம். அதாவது ஒரு கிராமை நூறு கோடி கூறு செய்தால் அவற்றில் ஐந்தாறு கூறு. அவ்வளவிலேயே ஆண் மீன்கள் முட்டைக்குரிய புரதத்தைத் தம் உடலில் ஆக்கத் தொடங்கின. சில ஆண்டுகளில் அவ்வேரியின் சிறு மீனினம் ஒன்று ஏறத்தாழ அற்றே போயிற்று. மருந்து கலப்பதை நிறுத்தியபின் சில ஆண்டுகளில் அம்மீனினம் மீண்டது. நாம் கையை எடுத்தால் இயற்கை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதற்கு அது சான்று.

நுண்ணுயிர்கொல்லிகளால் வரும் கேடு வேறு வகைத்து. அவை நீரில் நிற்குமாயின் நோய்க்கிருமிகள் அவற்றோடு பழகி, அவற்றை எதிர்த்து வாழக் கற்றுக்கொள்கின்றன. பின்னர், உண்மையான நோய் வருங்கால் அம்மருந்து பயனற்றுப் போகிறது. ஐதராபாத் நகருக்கு அண்மையில் உள்ள பட்டன்சேருவில், ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று உண்டு. அங்கிருந்து வெளியேறிய நீரைச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் சோதித்து 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சுத்திகரித்த பின்னரும், அந்நீரில் லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்புரோபுளொக்சசின் இருந்தது. ஒரு நாளில் வெளியேறிய அம்மருந்து 45 கிலோகிராம் என்று கணித்தனர். 90 இலட்சம் மக்கள் வாழ்ந்த சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் உட்கொள்ளும் அளவு அது! வீட்டுக் குப்பையால் வந்த கேடன்று அது, தொழிற்சாலையின் கேடு. ஆனால் கிருமிக்கு அவ்வேற்றுமை தெரியாது.

2022ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு ஒன்று 104 நாடுகளில் 258 ஆறுகளின் நீரைச் சோதித்தது. சோதித்த இடங்களுள் நாலிலொன்றுக்கு மேற்பட்டவற்றில், ஏதேனும் ஒரு மருந்தாவது நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கற்றது எனக் கருதும் அளவைத் தாண்டியிருந்தது. ஆறு ஒரு நாட்டுக்கு உரியதன்று. அதன் கரையில் வாழும் எல்லா உயிர்க்கும் உரியது. மகாவலியும் அத்தகையதே. மலையில் நாம் விடுவதை வில்கமுவ குடிக்கிறது. வில்கமுவ விடுவதைத் திருகோணமலை காண்கிறது.

கொளுத்தலாமா?

நெருப்பு எல்லாவற்றையும் தூய்மையாக்கும் என்று எண்ணுவது நம் வழக்கம். குளிகை அட்டையின் ஒருபுறம் அலுமினியத் தகடு. மறுபுறம் பெரும்பாலும் பிவிசி என்னும் பிளாஸ்டிக். வளவின் மூலையில் மூட்டும் குப்பை நெருப்பில் இது முழுமையாய் எரிவதில்லை. தாழ்ந்த வெப்பத்தில் அது எரியும்போது டயொக்சின் முதலிய கொடிய நஞ்சுகள் புகையோடு கலக்கின்றன. எரியாத மருந்து சாம்பலில் நிற்கிறது. அச்சாம்பலைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாமே பசளையாக இடுகிறோம். இழுப்பு நோய்க்குரிய அழுத்த மருந்துக் குப்பிகள் நெருப்பில் வெடிக்கவும் கூடும்.

மருந்தை எரிப்பதே ஆகாது என்பதன்று. எரிக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கென அமைத்த உலையில் மிக உயர்ந்த வெப்பத்தில் எரித்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சீமெந்துச் சூளையையும் ஏற்ற ஒன்றாகக் கூறுகிறது. சீமெந்துச் சூளைக்குள் பொருள்கள் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வரை சூடேறும். சுவாலையின் வெப்பம் அதனினும் மிகுதி. அவ்வெப்பத்தில் மருந்து மருந்தாய் நிற்காது. ஒரே முறையில் மிகுதியாய் இடலாகாது. எரிபொருளின் நிறையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது என்பது விதி. நம் நாட்டில் புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் அபாயகரமான கழிவுகளை இவ்வாறு எரிக்கும் வசதி உண்டு. ஆகவே, வில்கமுவ மூதாட்டியின் பைக்கு ஒரு முடிவிடம் இந்நாட்டிலேயே இருக்கிறது. அவர் வீட்டுக்கும் அம்முடிவிடத்துக்கும் இடையிலுள்ள வழியை அமைப்பதுதான் நம் வேலை.

குப்பைமேட்டில் வீசிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கருதுவோரும் உளர். அம்பாறையில் பள்ளக்காடு என்னும் இடத்துத் திறந்த குப்பைமேட்டை நாடி வந்த யானைகள் பிளாஸ்டிக்கை விழுங்கி மாண்டன. எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் வரை அவ்வாறு மாண்டன என்று 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தி வந்தது. அவற்றைக் கொன்றது பிளாஸ்டிக், மருந்தன்று. ஆனால் திறந்த குப்பையை நாடி உயிர்கள் வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வஸ்கமுவ வனத்தின் ஓரத்தில் வாழ்வோர்க்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி. யானை மட்டுமா? நாயும் பூனையும் வரும். சிவந்த குளிகையை மிட்டாய் என்றெண்ணி எடுக்கும் சிறு பிள்ளையும் வரும்.

கழுகுகள் கற்பித்த பாடம்

மருந்து தன் வேலை முடிந்த இடத்தில் நின்றுவிடுவதில்லை என்பதை உலகுக்கு உணர்த்தியவை இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள். 1990ஆம் ஆண்டுகளில் அவை கூட்டங் கூட்டமாய் மடியத் தொடங்கின. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. 2004ஆம் ஆண்டில், பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியால் உண்மை வெளிவந்தது. நோவுக்காக மாடுகளுக்குக் கொடுத்த டைக்குளோபெனாக் மருந்து, மாடு இறந்த பின்னும் உடலில் நின்றது. அவ்வுடலைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதாகி, சில நாளில் அது மாண்டது. வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்டவை 1992ஆம் ஆண்டுக்கும் 2007ஆம் ஆண்டுக்கும் இடையே அழிந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பதை 2006ஆம் ஆண்டில் இந்தியா தடை செய்தது. மெலொக்சிகம் என்னும் வேறு மருந்து கழுகுக்குத் தீங்கற்றது எனக் கண்டு பரிந்துரைத்தனர். தமிழ்நாட்டில், நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய கழுகுகளைக் காக்க இன்றும் பலர் உழைக்கின்றனர்.

கழுகு போனால் மனிதனுக்கு என்ன என்று கேட்பதற்கில்லை. தின்னக் கழுகின்றிக் கிடந்த மாட்டுடலங்களை நாய்கள் தின்று பெருகின, நீர் மாசுற்றது, நோய் பரவிற்று. 2000ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை, கழுகுகள் அற்றதன் விளைவாக ஐந்து இலட்சம் மனிதர் மிகையாக இறந்திருப்பர் என 2024ஆம் ஆண்டில் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று மதிப்பிடுகிறது. அம்மாடுகளுக்கு மருந்து கொடுத்த உழவர் எவரும் தீயவர் அல்லர். தம் மாட்டின் நோவைத் தணிக்கவே கொடுத்தனர். மருந்துக்கு மறுபிறப்பு உண்டு என்பதை அவர்கள் அறிந்திலர். நாம் இன்று அறிவோம். அறிந்த பின்னும் வாளா இருப்பது எங்ஙனம்?

பிற நாட்டார் செய்வது

ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டின் சட்டத்தால், எஞ்சிய மருந்தை மீளப் பெறும் ஏற்பாடு தன் உறுப்பு நாடுகளில் இருத்தல் வேண்டும் என விதித்தது. பிரான்சில் மருந்துக்கடைகளின் வழியே மீளப் பெறும் அமைப்பு 1993ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அவர்கள் செல்வர், அவர்களால் இயலும் என்பீர்களாயின், நம் அயலைப் பாருங்கள். கேரளத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, வீடுகளில் எஞ்சிய மருந்தைச் சேர்த்து முறையாய் அழிக்கும் 'என்-பிரௌட்' என்னும் திட்டத்தை 2025ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தொடங்கியது. நம் கிராமங்களிலோ அத்தகைய பெட்டி ஒன்றைக் காண்பது அரிது. என் தம்பி போன்றோர் தம் நல்லெண்ணத்தால் வாங்கி வைக்கின்றனர். நல்லெண்ணம் இடம் மாறிப் போனால் அவ்வழக்கமும் மாறிப் போகும். விதியாக அமைந்ததே நிலைக்கும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, எஞ்ச விடாதிருத்தல். எஞ்சாத மருந்துக்கு அகற்றும் கவலை இல்லை. கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் எவ்வெம்மருந்து எத்தனை உள்ளன என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போய் மருந்தாளரிடம் கூறுங்கள். வைத்தியர் மருந்தை மாற்றினால், பழையதை என்ன செய்வது என்று அங்கேயே கேளுங்கள். நுண்ணுயிர்கொல்லியைச் சொன்ன நாள் வரை உண்டு முடியுங்கள். ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியரிடம் போய் இரண்டு துண்டுக்கும் மருந்து வாங்காதீர்கள். பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள், 1971ஆம் ஆண்டில் அமைந்த அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராய் இருந்து இந்நாட்டுக்குக் கற்பித்த பாடமும் அதுவே: வேண்டிய மருந்து, நியாயமான விலையில் எல்லார்க்கும் கிடைத்தல் வேண்டும், வேண்டாத மருந்து வந்து குவிதலாகாது.

இரண்டாவது, திருப்பிக் கொடுத்தல். வைத்தியசாலை மருந்தாளரிடமோ, நீங்கள் வழக்கமாய் மருந்து வாங்கும் கடையாரிடமோ எஞ்சிய மருந்தை ஏற்பார்களா என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் மறுப்பர்; ஊரார் கேட்டால் பெட்டி வைப்பர். புற்றுநோயாளருக்குத் தந்த மருந்துகளையும், மோர்பின் முதலிய கடும் வலிநீக்கிகளையும், உடலில் ஒட்டும் பென்ரனில் ஒட்டுகளையும் ஒரு நாளும் வீட்டில் வைத்திராமல் அவற்றைத் தந்த இடத்திலேயே ஒப்படைத்தல் வேண்டும். தவறி உட்கொண்ட சிறு பிள்ளையின் உயிரை அவை போக்கவல்லன.

மூன்றாவது, திருப்பிக் கொடுக்க வழியே இல்லையாயின், குளிகைகளை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, தேயிலைச் சக்கையோடோ ஈர மண்ணோடோ கலந்து, எவரும் எடுத்துண்ண இயலாதவாறு செய்யுங்கள். அதனை இறுக மூடும் தகரப் பேணியிலோ போத்தலிலோ இட்டு, பிரதேச சபையாரின் குப்பை வண்டி வருமிடமாயின் அதில் சேருங்கள். இது சிறந்த வழியன்று. தீமை குறைந்த வழி. வண்டி வராத ஊரில், அடுத்த கிளினிக் நாள் வரை பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கிணற்றடியும் வாய்க்காலும் அடுப்பும் அதற்குரிய இடமல்ல. இன்சுலின் ஏற்றும் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலுள் இட்டு மூடி, மருந்தோடு சேர்க்காது தனியே ஒப்படையுங்கள். உடைந்த பழைய வெப்பமானியிலுள்ள பாதரசத்தையும், பாதரசம் சேர்த்துச் செய்த செந்தூரங்களையும் மண்ணிற் கொட்டாதீர்கள். நாட்டு மருந்தாயினும் உலோகம் உலோகமே.

நான்காவது, மாணவர்களுக்குரியது. உங்கள் பாடசாலைச் சுகாதாரக் கழகம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் வைத்தியசாலையையும் முன்னரே கேட்டு இசைவு பெற்று, ஆண்டுக்கு ஒரு நாளை மருந்து சேர்க்கும் நாளாகக் கொள்ளலாம். பிள்ளைகள் மருந்தைக் கையிற் கொண்டுவருதல் ஆகாது. பெற்றோரே கொண்டுவந்து மருந்தாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகளின் வேலை வீடு வீடாய்ச் சென்று செய்தி கூறுவது. வந்த மருந்துகளை வகைப்படுத்தி, எவ்வகை மிகுதியாய் எஞ்சுகிறது என்று மருந்தாளர் கணக்கிட்டால், அக்கணக்கே எந்த மருந்து அளவுக்கு மிஞ்சி வழங்கப்படுகிறது என்பதை வைத்தியருக்கும் காட்டும். இந்நாட்டு மருந்திற் பெரும்பகுதி அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கப்படுவது. எறியப்படும் ஒவ்வொரு குளிகையும் இன்னொரு நோயாளிக்குக் கிடையாது போன குளிகை என்பதைப் பிள்ளைகள் அக்கணக்கிலேயே கற்றுக்கொள்வர்.

இவை எவையும் பெருஞ்செலவு கேட்பவை அல்ல. பெட்டி ஒன்று, பூட்டு ஒன்று, மாதம் ஒருமுறை அதனை எடுத்துச் செல்லும் ஒழுங்கு ஒன்று. பணத்தினும் மிகுதியாக வேண்டியது, கேட்கும் பழக்கம். உண்ணும் முன் இம்மருந்து எதற்கு என்று கேட்கிறோம். எத்தனை வேளை என்று கேட்கிறோம். உணவுக்கு முன்னா பின்னா என்று கேட்கிறோம். மிஞ்சினால் எங்கே கொடுப்பது என்பதையும் நான்காவது கேள்வியாகக் கேட்போமாக. சாளரத்தின் மறுபுறத்தில் இருப்பவர் ஒரு நாள் விடை கூறித்தான் ஆகவேண்டும்.